சூனியக்காரி காதற்கதைத் தலைவியான வரலாறு

ஆங்கில வெகுசனப் புனைகதையில் கடந்த சில ஆண்டுகளாக ஒரு கதைவகை செழித்து வருகிறது. பதிப்புலகம் அதனைக் ‘கோஸி’ என்று அழைக்கிறது. குளிர்நாளில் கம்பளிக்குள் கிடைக்கும் கதகதப்பை உணர்த்தும் சொல் அது. அதன் கதைச்சட்டகம் பெரும்பாலும் மாறுவதில்லை. ஒரு சிற்றூர், பாட்டியிடமிருந்தோ அத்தையிடமிருந்தோ வந்துசேர்ந்த ஒரு வீடு அல்லது கடை, மூலிகைத் தேநீர், மெழுகுவத்தி, ஒரு பூனை, சூனியக்காரியான ஓர் இளம்பெண், முன்பு பிரிந்துபோன காதலர் அல்லது வெளியூரிலிருந்து வந்த அந்நியர். ஹாலோவீனோ கிறிஸ்துமஸோ நெருங்கிக்கொண்டிருக்கும். தவறிப்போன ஒரு மந்திரத்தால் ஊரில் சிறு குழப்பம் நேரும். அது தீர்வதற்குள் காதல் கனியும். ஊரார் கூடி வாழ்த்துவார்கள். 2021-இல் வெளிவந்த எரின் ஸ்டெர்லிங்கின் ‘தி எக்ஸ் ஹெக்ஸ்’, அதே ஆண்டில் வந்த லானா ஹார்ப்பரின் ‘பேபேக்ஸ் எ விட்ச்’, 2022-இல் வந்த சங்கு மந்தண்ணாவின் ‘தி வெரி சீக்ரெட் சொசைட்டி ஆஃப் இர்ரெகுலர் விட்சஸ்’ ஆகியவை இவ்வகையில் பரவலாக வாசிக்கப்பட்டவை.

மேற்கண்ட பட்டியலைப் பதினேழாம் நூற்றாண்டின் வழக்காவணங்களோடு சேர்த்து வாசிப்போருக்கு ஓர் ஒற்றுமை புலப்படும். பூனை, மூலிகை, தனித்து வாழும் பெண், அவளுக்கு வந்த சொத்து, அவளைப் பற்றிப் பேசும் அண்டைவீட்டார் ஆகிய யாவும் அன்று குற்றச்சாட்டின் உறுப்புகளாக இருந்தவை. அன்று ஒரு பெண்ணைத் தூக்குமரத்துக்கு அனுப்பப் போதுமானவையாக இருந்தவை இன்று வாசகரின் மனத்துக்கு ஆறுதல் தருகின்றன. இம்மாற்றம் எவ்வழியாக நிகழ்ந்தது, அவ்வழியில் எது விடுபட்டுப்போனது என்பன ஆராயத்தக்க கேள்விகள்.

பூனையிலிருந்து தொடங்கலாம். ஜான் வான் ட்ரூட்டன் எழுதி 1950-இல் மேடையேறிய ‘பெல், புக் அண்ட் கேண்டில்’ நாடகம், 1958-இல் கிம் நோவாக், ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடிப்பில் திரைப்படமாயிற்று. நியூயார்க்கில் கிறிஸ்துமஸ் வேளையில் தொடங்கும் காதற்கதை அது. அதன் தலைவி சூனியக்காரி. பண்டிகைக்காலம், காதல், சூனியம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இப்படத்தை இன்றைய கதைவகையின் நேர்முன்னோடி எனலாம். தலைவியின் பூனைக்குப் பைவாக்கெட் என்று பெயர். வேடிக்கையாக ஒலிக்கும் இப்பெயர் நாடகாசிரியரின் கற்பனையன்று. மாத்யூ ஹாப்கின்ஸ் 1647-இல் வெளியிட்ட ‘தி டிஸ்கவரி ஆஃப் விட்சஸ்’ என்னும் சிறுநூலில் அது இடம்பெற்றுள்ளது.

ஹாப்கின்ஸ் இங்கிலாந்தின் எஸெக்ஸ் பகுதியில் மானிங்ட்ரீ என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், 1645 முதல் 1647 வரை, கிழக்கிங்கிலாந்தின் ஊர்களில் சூனியக்காரிகளைக் கண்டுபிடித்துத் தருவதாகக் கூறிக்கொண்டு அவரும் அவருடைய கூட்டாளிகளும் திரிந்தனர். அவர்களுடைய வேட்டையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். முதலில் அகப்பட்டவர் எலிசபெத் கிளார்க் என்னும் மூதாட்டி; ஒரு காலை இழந்தவர். ஆங்கிலச் சட்டம் சித்திரவதையை ஏற்கவில்லை. ஆகவே ‘கண்காணித்தல்’ என்னும் முறை கையாளப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவரை இரவுகள் தோறும் உறங்கவிடாமல் உட்காரவைத்து, விலங்குருவில் ஏவல் பேய்கள் அவரை நாடி வருகின்றனவா என்று பார்ப்பதே அம்முறை. நான்காம் இரவில் கிளார்க் தம் ஏவல்களைப் பெயர் சொல்லி அழைத்தார் என்று ஹாப்கின்ஸ் எழுதுகிறார். வேறு பெண்களின் ஏவல்கள் என்று கிளார்க் கூறியதாக அவர் குறிப்பிடும் பெயர்களுள் ஒன்று பைவாக்கெட். இத்தகைய பெயர்களை மனிதரால் புனைய இயலாது என்பதே அவை உண்மை என்பதற்கு அவர் காட்டிய சான்று. உறக்கம் மறுக்கப்பட்ட ஒரு மூதாட்டியின் வாக்குமூலத்தில் பதிவான பெயர், முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு காதல் திரைப்படத்தின் சயாமியப் பூனைக்கு வந்துசேர்ந்தது. கிளார்க் 1645-இல் செம்ஸ்ஃபோர்டில் தூக்கிலிடப்பட்டார்.

அடுத்தது அண்டைவீடு. எஸெக்ஸ் ஆவணங்களை ஆராய்ந்த ஆலன் மேக்ஃபார்லேன் 1970-இலும், இங்கிலாந்து முழுமையையும் எடுத்துக்கொண்ட கீத் தாமஸ் 1971-இலும் வெளியிட்ட நூல்கள், சூனியக் குற்றச்சாட்டு பெரும்பாலும் நன்கு அறிமுகமானவர்களுக்கிடையே எழுந்தது என்று காட்டின. ஏழைப் பெண் ஒருத்தி பக்கத்து வீட்டில் பாலோ மாவோ கேட்கிறாள், வீட்டார் இல்லையென்கின்றனர், அவள் முணுமுணுத்தவாறு செல்கிறாள். சில நாட்களில் அவ்வீட்டுக் கன்றோ குழந்தையோ நோயுறுகிறது. கொடுக்க மறுத்த குற்ற உணர்வு, கேட்டவளின் மீது குற்றமாகத் திரும்புகிறது. பழைய கிராமத்து ஈகைமுறை தளர்ந்துகொண்டிருந்த காலத்தில் இக்கதை மீண்டும் மீண்டும் நீதிமன்றத்துக்கு வந்தது என்பது அவ்விருவரின் விளக்கம். பெருநகரத்து முகமறியாக் கூட்டத்தில் இதற்கு இடமில்லை. எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிற்றூரே இதற்கு ஏற்ற களம்.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில், 1692-இல் சேலம் கிராமத்தில் நிகழ்ந்ததும் இதன் பெருக்கமே. முதலில் கைதான மூவருள் ஒருவரான சேரா குட் வீடு வீடாக இரந்து வாழ்ந்தவர். அவர் முணுமுணுத்துச் சென்றதே அவருக்கு எதிரான சாட்சியமாயிற்று. நான்கைந்து வயதான அவருடைய மகளும் சிறையில் விலங்கிடப்பட்டாள். அவ்வாண்டு முடிவதற்குள் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் குற்றம் சாட்டப்பட்டனர். 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஜைல்ஸ் கோரி என்னும் முதியவர் கற்களின் கீழ் நசுக்கப்பட்டு மாண்டார். குறைந்தது ஐவர் சிறையிலேயே இறந்தனர். எரிக்கப்பட்டவர் எவருமில்லை, ஆங்கிலச் சட்டப்படி சூனியத்துக்குத் தண்டனை தூக்கு. திரைப்படங்கள் காட்டும் தீக்குண்டம் ஐரோப்பியப் பெருநிலத்து வழக்கத்திலிருந்து கடன் பெற்றது.

மூன்றாவது, வந்துசேர்ந்த வீடு. கரோல் கார்ல்சன் 1987-இல் வெளியிட்ட ‘தி டெவில் இன் த ஷேப் ஆஃப் எ வுமன்’ என்னும் ஆய்வு, நியூ இங்கிலாந்தில் குற்றம் சாட்டப்பட்ட பெண்களின் குடும்ப நிலையைத் தொகுத்தது. உடன்பிறந்த ஆணோ மகனோ இல்லாததால் சொத்துக்கு உரிமை பெற்ற அல்லது பெறவிருந்த பெண்கள் அவர்களுள் குறிப்பிடத்தக்க அளவில் இருந்தனர் என்பது அவர் கண்ட முடிவு. தந்தையிடமிருந்து மகனுக்குச் சொத்து செல்லும் ஒழுங்கில் இப்பெண்கள் இடையூறாக நின்றனர். இன்றைய கதைத்தலைவி பாட்டியின் வீட்டுச் சாவியோடு ஊருக்குள் நுழையும்போது வாசகர் மகிழ்கிறார். 1692-இல் அதே சாவி ஆபத்தானது.

குற்றவாளி கதாபாத்திரமாவதற்கு முதலில் சட்டம் மாறவேண்டியிருந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1735-இல் இயற்றிய சட்டம் சூனியத்தைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கியது. அத்தகைய ஆற்றல் தமக்கு இருப்பதாக நடிப்பதையே குற்றமாக்கியது. அரசு நம்புவதை நிறுத்திய பின்னரே சூனியக்காரி இலக்கியத்துக்குள் அச்சமின்றி நுழைய முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவளுக்கு வழக்குரைஞர்களும் கிடைத்தனர். பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய மெட்டில்டா ஜாஸ்லின் கேஜ், 1893-இல் வெளியிட்ட ‘வுமன், சர்ச் அண்ட் ஸ்டேட்’ நூலில், சூனியக்காரி என்று கொல்லப்பட்டோர் அறிவுடைய பெண்கள் என்று வாதிட்டார். கொல்லப்பட்டோர் தொகையாக அவர் எடுத்தாண்ட தொண்ணூறு லட்சம் என்னும் எண்ணிக்கை மிகையானது. இன்றைய ஆய்வாளர்கள் ஐரோப்பா முழுமைக்கும் ஏறத்தாழ 40,000 முதல் 60,000 வரை என்று மதிப்பிடுகின்றனர். எண் பிழைத்தாலும் கருத்து நிலைத்தது. கேஜின் மருமகன் எல். ஃபிராங்க் பாம். அவர் 1900-இல் எழுதிய ‘தி வொண்டர்ஃபுல் விஸார்ட் ஆஃப் ஆஸ்’ நூலில்தான் நல்ல சூனியக்காரி என்னும் பாத்திரம் அமெரிக்கக் குழந்தைகளின் மனத்தில் நிலையான இடம் பெற்றது.

காதலும் பண்டிகையும் இவளோடு சேர்ந்த வழி வேறு. அக்டோபர் 31-ஆம் நாள் இரவான ஹாலோவீன், ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் நெடுங்காலம் திருமணக்குறி பார்க்கும் இரவாக இருந்தது. இரண்டு கொட்டைகளைக் கணப்பில் இட்டு, அவை அமைதியாகச் சேர்ந்து எரிகின்றனவா, வெடித்து விலகுகின்றனவா என்று பார்ப்பார்கள்; ஆப்பிள் தோலைச் சீவித் தோளுக்குப் பின்னே எறிந்து, அது தரையில் எந்த எழுத்தாக விழுகிறது என்று பார்ப்பார்கள்; மெழுகுவத்தியோடு கண்ணாடி முன் நின்று வருங்காலக் கணவனின் முகத்தைத் தேடுவார்கள். ராபர்ட் பர்ன்ஸ் 1785-இல் எழுதிய ‘ஹாலோவீன்’ என்னும் நெடும்பாடல் இத்தகைய வழக்கங்களின் தொகுப்பு. குடியேறியோர் வழியே இவை அமெரிக்கா சென்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே அச்சான வாழ்த்து அஞ்சலட்டைகளில் துடைப்பத்தின்மீது பறக்கும் சூனியக்காரியும், கண்ணாடியில் காதலனைத் தேடும் பெண்ணும் அருகருகே இடம்பெற்றனர்.

சேலத்திலும் இத்தகைய குறிபார்த்தலின் சுவடு உண்டு. பெவர்லி ஊர்ப் போதகர் ஜான் ஹேல், வழக்குகளுக்கு ஆதரவாக இருந்து பின்னர் மனம் மாறியவர். அவர் மறைந்த பின் 1702-இல் வெளியான அவருடைய நூலில் ஒரு செய்தி உள்ளது. துன்புற்றதாகக் கூறப்பட்ட சிறுமியருள் ஒருத்தி, கண்ணாடிக் குவளையில் முட்டை வெள்ளைக்கருவை இட்டுத் தன் வருங்காலக் கணவனின் தொழில் என்னவென்று பார்த்தாளாம். அதில் சவப்பெட்டி போன்ற ஓர் உருவம் தென்பட்டதாம். ஹேல் அச்சிறுமியின் பெயரைக் கூறவில்லை. ஆயினும், இன்றைய கதைகளில் தலைவியும் தோழிகளும் பண்டிகை இரவில் விளையாட்டாகச் செய்யும் காதல் மந்திரத்துக்கு நிகரான ஒன்று, சேலத்தின் துயர வரலாற்றுக்குள்ளேயே பதிவாகியிருப்பது கவனிக்கத்தக்கது.

ஹாலிவுட் இவ்விழைகளை ஒன்றாக முறுக்கியது. 1942-இல் ரெனே கிளேர் இயக்கிய ‘ஐ மேரீட் எ விட்ச்’ படத்தில், பதினேழாம் நூற்றாண்டு நியூ இங்கிலாந்தில் கொல்லப்பட்ட சூனியக்காரி மீண்டு வந்து, தன்னைக் காட்டிக்கொடுத்தவரின் வழித்தோன்றலைப் பழிவாங்க முனைந்து, அவரையே காதலித்து மணக்கிறாள். இதனையும் முன்சொன்ன 1958-ஆம் ஆண்டுப் படத்தையும் அடியொற்றி 1964-இல் ‘பிவிட்ச்டு’ என்னும் தொலைக்காட்சித் தொடர் தொடங்கி, 1972 வரை ஓடியது. மூன்று கதைகளிலும் ஓர் ஒப்பந்தம் மறைந்திருக்கிறது. 1958-ஆம் ஆண்டுப் படத்தில் காதல்வயப்பட்ட சூனியக்காரி தன் ஆற்றலை இழக்கிறாள். தொலைக்காட்சித் தலைவி சமந்தா கணவனுக்காக அதை ஒளித்து வாழ முயல்கிறாள். இல்லறத்துக்கு விலையாகப் பெண் தன் ஆற்றலைக் கொடுக்கவேண்டும் என்பதே அவ்வொப்பந்தம். இன்றைய கதைவகை இதை ரத்து செய்துவிட்டது என்பது அதன் உண்மையான சாதனை. ‘தி எக்ஸ் ஹெக்ஸ்’ தலைவி விவியன் காதலையும் மந்திரத்தையும் ஒருசேர வைத்துக்கொள்கிறாள்.

மொழியும் இம்மாற்றத்துக்குத் துணைநின்றது. பழைய ஆங்கிலத்தில் ‘விச்சா’ ஆண்பால், ‘விச்சே’ பெண்பால். இரண்டும் கலந்து ‘விட்ச்’ ஆகி, காலப்போக்கில் பெண்ணையே பெரிதும் சுட்டலாயிற்று. மறுபுறம், மந்திரத்தைக் குறித்த சொற்கள் ஒவ்வொன்றாக அழகைக் குறிக்கும் சொற்களாயின. மந்திர உச்சாடனமாக இருந்த ‘சார்ம்’ இன்று கவர்ச்சி. மந்திரத்தால் கட்டுவதான ‘பிவிட்ச்’ மனத்தை ஈர்ப்பது. ‘கிளாமர்’ என்பது ‘கிராமர்’ என்னும் சொல்லின் ஸ்காட்லாந்து வடிவம், கண்கட்டு வித்தையைக் குறித்துப் பின் பகட்டழகைக் குறித்தது. தமிழ் மொழிநூலார் உயர்பொருட்பேறு என்று கூறும் மாற்றம் இது. ‘நாற்றம்’ நறுமணத்திலிருந்து தாழ்ந்தமைக்கு நேர்மாறான திசை. தமிழில் ‘வசியம்’, ‘மயக்கம்’ ஆகியவை இத்திசையில் நகர்ந்துள்ளன. ‘மாயக்காரி’ என்று காதலியைக் கொஞ்சலாம். ‘சூனியக்காரி’ என்று கொஞ்ச இயலாது. அச்சொல்லில் குற்றச்சாட்டின் சூடு இன்னும் தணியவில்லை.

பூனையும் மூலிகையும் வீடும் இவ்வாறு மீட்கப்பட்டுவிட்டன. அண்டைவீட்டார் மட்டும் மீட்கப்படாமல் மாற்றி எழுதப்பட்டனர். ஹால்மார்க் தொலைக்காட்சி 2008-இல் ஒளிபரப்பிய ‘தி குட் விட்ச்’ படத்தில், மிடில்டன் என்னும் கற்பனைச் சிற்றூருக்குக் கேஸி என்னும் பெண் வந்து, பாழடைந்ததாகக் கருதப்பட்ட பழைய வீட்டில் குடியேறுகிறாள். ஊரார் சிலர் ஐயுற்று அவளை வெளியேற்ற முயல்கின்றனர். ஊர்க் காவல்துறைத் தலைவரோ அவளைக் காதலிக்கிறார். 1692-இல் கைதாணையோடு வாசலில் நின்ற காவலர், 2008-இல் காதலராக வருகிறார். கேஸி நடத்தும் கடையின் பெயர் ‘பெல், புக் அண்ட் கேண்டில்’. மணி, நூல், மெழுகுவத்தி என்னும் இம்மூன்றும் கத்தோலிக்கத் திருச்சபை ஒருவரைச் சமூகத்திலிருந்து விலக்கிவைக்கும் சடங்கின் பெயர். ஊர்விலக்கின் பெயரைத் தாங்கிய கடையில் ஊரார் பரிசுப்பொருள் வாங்குகின்றனர். ஊராரின் ஐயம் ஒரு படத்துக்குள் தீர்ந்துவிடும் தவறான புரிதலாகச் சுருங்கிவிடுகிறது. அந்த ஐயத்தால் பயன்பெற்றோர் யார், நிலம் யாருக்குச் சென்றது என்னும் கேள்விகள் எழுவதில்லை.

சங்கு மந்தண்ணாவின் நாவல் இவ்விடத்தில் சற்று வேறுபடுகிறது. ஆசிரியர் பெங்களூரில் வளர்ந்து இங்கிலாந்தின் நாரிச் நகரில் வாழ்பவர். அவருடைய தலைவி மைக்கா மூன், இந்தியாவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்க்கப்பட்ட அனாதை. அக்கதையுலகில் சூனியக்காரிகள் ஒருவரோடொருவர் சேர்ந்து வாழக்கூடாது. கூடினால் உலகின் கண்ணில் படுவர் என்பது விதி. நாரிச் அமைந்த நார்ஃபோக் பகுதியே நாவலின் களம். ஹாப்கின்ஸ் வேட்டையாடச் சென்ற பகுதிகளுள் அதுவும் ஒன்று. தனிமையைப் பாதுகாப்பு என்று நம்பும் ஒரு பெண்ணின் அச்சத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு என்பதை இந்நாவல் மறக்கவில்லை. இனிய முடிவுக்கு எடை கூடுவதும் அதனால்தான்.

கதைகள் கற்பனை செய்யும் நல்ல அண்டைவீட்டார் வரலாற்றிலும் இருந்தனர். 1692-இல் ரெபெக்கா நர்ஸ் என்னும் 71 வயது மூதாட்டி குற்றம் சாட்டப்பட்டபோது, அவருடைய நன்னடத்தைக்குச் சான்றளித்து அண்டைவாழ் மக்கள் 39 பேர் கையொப்பமிட்டனர். ஆதரவாகப் பேசியோரும் குற்றம் சாட்டப்படக்கூடிய காலம் அது. நடுவர்குழு முதலில் அவரைக் குற்றமற்றவர் என்று தீர்ப்பளித்தது. நீதிபதிகளின் தூண்டுதலால் மறுபரிசீலனை செய்து தீர்ப்பை மாற்றியது. ஜூலை 19-ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். கையொப்பங்கள் அவரைக் காப்பாற்றவில்லை. ஆயினும் ஊர் முழுவதும் ஒரே மனத்தோடு இருந்ததில்லை என்பதற்கு அவை சான்று. வெறும் நல்லியல்பால் கிடைக்காத அந்த ஆதரவுக்குத் துணிவு தேவைப்பட்டது. இக்கதைவகை எழுதத் தவறும் பகுதி இதுவே.

இன்றைய சேலம் நகரில் இரு வரலாறுகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆண்டுதோறும் அக்டோபரில் நடைபெறும் ஹாலோவீன் விழா 1982-இல் தொடங்கியது. காவல் வாகனங்களின் முத்திரையில் துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரி இருக்கிறாள். 2005-இல் ‘பிவிட்ச்டு’ சமந்தாவுக்கு வெண்கலச் சிலை நிறுவப்பட்டது. தூக்கிலிடப்பட்ட இடம் ஒரு மருந்துக்கடையின் பின்புறத்தில் உள்ள பிராக்டர்ஸ் லெட்ஜ் என்னும் பாறைச்சரிவு என்பது 2016-இல்தான் உறுதிசெய்யப்பட்டது. அங்கே நினைவிடம் 2017-இல் திறக்கப்பட்டது. கதைத்தலைவிக்குச் சிலை, கொல்லப்பட்டோரின் கொலைக்களத்தில் நினைவுக்கல் எழுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே கிடைத்துவிட்டது. மரணதண்டனை விதிக்கப்பட்டு உயிர்தப்பிய எலிசபெத் ஜான்சனின் பெயர், ஒரு பள்ளி ஆசிரியரும் மாணவர்களும் எடுத்த முயற்சியால் 2022-இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தால் களங்கமற்றதாக்கப்பட்டது. மைக்கா மூனின் கதை வெளியானதும் அதே ஆண்டில்தான்.

இந்திய வாசகருக்கு இவ்வரலாறு தொலைதூரத்துச் செய்தியன்று. பீகார் 1999-இலும் ஜார்கண்ட் 2001-இலும் சத்தீஸ்கர் 2005-இலும் ஒடிசா 2013-இலும் சூனியக்காரி என்று முத்திரை குத்தும் கொடுமைக்கு எதிராகத் தனிச்சட்டங்களை இயற்றின. ராஜஸ்தானும் அசாமும் 2015-இல் தொடர்ந்தன. ஜார்கண்டில் ஒரு பெண்ணை ‘டாயன்’ என்று அடையாளம் காட்டுவதே தண்டனைக்குரியது. அவ்வாறு முத்திரை குத்தப்பட்டு ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட சுட்னி மஹதோ, பின்னர் அதே நிலையிலுள்ள பெண்களுக்காகப் போராடி 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். அசாமின் பிருபாலா ராபாவும் அவ்வாண்டே அவ்விருதைப் பெற்றார். கணவரை இழந்த பெண்ணின் நிலம், நோயுற்ற குழந்தை, பகை கொண்ட உறவினர் என்று இவ்வழக்குகளில் திரும்பத் திரும்ப வருபவை, மேக்ஃபார்லேனும் கார்ல்சனும் பழைய ஏடுகளில் கண்டவற்றை ஒத்திருக்கின்றன.

ஆகவே இக்கதைகளை இந்திய மொழிகளில் பெயர்க்க முனைவோர் முதற்சொல்லிலேயே தடுமாறுவர். இந்தியில் ‘டாயன்’, அசாமியத்தில் ‘டைனி’, சத்தீஸ்கரியில் ‘டோனஹி’ என்று எழுதினால் காவல்நிலையப் பதிவேட்டின் சொல் காதற்கதைக்குள் நுழையும். ‘மாயக்காரி’ போன்ற இனிய சொல்லைத் தேர்ந்தால் வரலாறு வெளியேறும். ஆங்கிலத்தில் ‘விட்ச்’ என்னும் சொல் இனிமை பெறச் சட்டம் மாறிய பின்னும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டது. அச்சொல்லால் எவரும் கொல்லப்படாத ஊர் முதலில் அமையவேண்டும். கதகதப்பான கதை அதற்குப் பின்னரே அங்கே எழுதப்படும்.